கைக்குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா, ஏசி போடலாமா? அக்னி நட்சத்திரக் கேள்விக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். வேலூரில் மேல்மாடி வீடு, தலைக்கு மேலே நேராக மொட்டைமாடி. குழந்தைக்கு மூன்று மாதம் ஆகப் போகிறது, தாய்ப்பால் மட்டும்தான். மதியம் ஆனால் விடாமல் அழுகிறாள், கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இரண்டு சங்கு புகட்டு என்கிறார் மாமியார். ஏசி போட்டால் சளி பிடிக்கும் என்றும் சொல்கிறார். குல்லாவைக் கழற்றவே விடுவதில்லை. எது சரி, எது தப்பு?

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். வீட்டில் சண்டை வருவது அதில்தான், ஆபத்து இருப்பதும் அதில்தான்.

ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர் வேண்டாம். ஒரு சங்குகூட வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான் இருக்கிறது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது குளிர் நாட்டுக்காரர்களுக்கு மட்டும் சொன்னது இல்லை. டெல்லிக் கோடையில், வெயில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி நின்ற நாட்களில், தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளைவிட இவர்களுக்கு நீர் குறைந்திருக்கவில்லை.

கொடுத்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பீர்கள். மூன்று மாதக் குழந்தையின் வயிறு சின்னது. இரண்டு சங்கு தண்ணீர் போனால் அந்த அளவு பால் உள்ளே போகாது. குழந்தை சப்புவது குறைந்தால் உங்களுக்குச் சுரப்பும் குறையும், பிறகு "பால் பத்தலை" என்று பவுடர் பாலுக்குப் போக வேண்டி வரும். இன்னொன்று இதைவிடப் பெரிது. அந்த வயதில் சிறுநீரகம் இன்னும் முழுதாகத் தேறியிருக்காது, வெறும் தண்ணீர் அதிகமானால் அதை வெளியே தள்ளத் தெரியாது. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் வலிப்புவரை போகும். மூன்றாவது அந்தச் சங்கு. தண்ணீரை எவ்வளவு காய்ச்சினாலும் சங்கின் மூக்கு இடுக்கில் ஒட்டியிருப்பதை யாரும் காய்ச்சுவதில்லை. கோடையில் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வர அது ஒன்று போதும்.

சர்க்கரைத் தண்ணீர், கற்கண்டுத் தண்ணீர், ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். தேனை ஒரு வயது முடியும்வரை நாக்கில் தடவக்கூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும்.

ஆனால் மாமியார் ஒன்றைச் சரியாகவே பார்க்கிறார்: குழந்தைக்குத் தாகம் எடுக்கிறது. அந்தத் தாகத்துக்குப் பாலைத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை என்று கடிகாரம் பார்ப்பதை இந்த ஒரு மாதம் விட்டுவிடுங்கள். வெயில் நேரத்தில் குழந்தை அடிக்கடி வாய் வைக்கும், கொஞ்ச நேரம் குடித்துவிட்டு விட்டுவிடும். மார்பில் முதலில் வருவது தண்ணீர்ப்பாங்கான பால், அதற்குத் தாகம் அடங்க அது போதும். ஒழுங்காகவே குடிக்கவில்லை என்று பயப்பட வேண்டாம்.

தண்ணீர் குடிக்க வேண்டியவர் நீங்கள். பச்சை உடம்புக்காரி தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு பெருத்துவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று ஒரு செம்புத் தண்ணீரோடு நிறுத்திவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பத்தியத்தில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் எடுத்துவிடுங்கள். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரோ மோரோ இருக்கட்டும். இளநீர், நீராகாரம், எலுமிச்சைச் சாறு எதுவும் தவறில்லை. நீங்கள் குளிர்ச்சியாகச் சாப்பிட்டதால் குழந்தைக்குச் சளி வராது. சளி வருவது கிருமியால்.

பவுடர் பால் குடிக்கும் குழந்தையாக இருந்தால் டப்பாவில் போட்டிருக்கும் அளவுதான், வெயில் என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்கக் கூடாது. கலக்கிய பாலில் மீதியை எடுத்து வைக்கவும் கூடாது. வேலைக்குப் போகும் அம்மாக்கள் பீய்ச்சி வைக்கும் தாய்ப்பால் நாலு மணி நேரம் வெளியே தாங்கும் என்று படித்திருப்பீர்கள். அது 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. நம் மே மாதச் சமையலறை 25 டிகிரியில் இருப்பதில்லை. பீய்ச்சியவுடன் பிரிட்ஜில் வையுங்கள்.

பால் போதுகிறதா என்று பார்க்க அழுகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், துணியைப் பாருங்கள். இருபத்துநாலு மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் வெளிர் நிறத்தில் சிறுநீர் போனால் நீர் போதுமானதாக இருக்கிறது. சிறுநீர் அடர் மஞ்சளாகி, எண்ணிக்கை நாலு, மூன்று என்று இறங்கினால் பால் கொடுப்பதைக் கூட்ட வேண்டும். துணியில் செங்கல்பொடி தடவியது போல ஒரு கறை படிந்தால் பலர் ரத்தம் என்று பதறி ஓடி வருவார்கள். பெரும்பாலும் அது நீர் குறைந்து சிறுநீர் கெட்டிப்பட்டதால் வரும் யூரேட் உப்பு. பிறந்து இரண்டு மூன்று நாளில் வந்தால் பெரிய விஷயமில்லை. மூன்றாம் மாதத்தில் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி குல்லா. நான் அழுத்திச் சொல்ல வருவது இதைத்தான். பிள்ளைகள் வார்டில் நர்சாக இருந்தவள் நான். வெயிலில் கிடத்திச் சுருண்ட குழந்தையை நான் பார்த்தது குறைவு. பார்த்ததெல்லாம் வீட்டுக்குள்ளேயே அன்பால் வெந்த குழந்தைகள்தான். மே மாதம் உச்சி வேளையில் ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். பாட்டி கையில் டர்க்கி டவல் சுற்றிய ஒரு பொதி. டவலைப் பிரித்தால் உள்ளே பிளானல் துணி, அதற்குள் முழுக்கை சட்டை, கையுறை, காலுறை, காதை மூடிக் கட்டிய குல்லா. முகம் செக்கச்செவேல் என்றிருக்கும், நெஞ்சு வேகமாக ஏறி இறங்கும். தெர்மாமீட்டர் 101 காட்டும். எல்லாவற்றையும் கழற்றி, விசிறிக்குக் கீழே அம்மா மடியில் போட்டுப் பால் கொடுக்கச் சொன்னால் அரைமணி நேரத்தில் பலருக்கு 99க்குக் கீழே இறங்கிவிடும். ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

காரணம் எளிது. எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம், சுற்றியிருக்கும் சூடு சீக்கிரம் உள்ளே ஏறும். வியர்த்துச் சூட்டை வெளியேற்றும் திறமை இன்னும் முழுதாக வரவில்லை. போர்வையை உதறத் தெரியாது, நிழலுக்கு நகரத் தெரியாது. அதற்கு இருக்கும் பெரிய வழி தலைதான். உடம்பில் தலையின் பங்கு அந்த வயதில் அவ்வளவு பெரியது, சூடு அது வழியாக நிறைய வெளியேறுகிறது. குல்லா போட்டு அந்த வழியை அடைக்கிறோம். பிறந்த உடனே குல்லா போடச் சொன்னது மருத்துவமனைதானே என்பீர்கள். ஈரத்தோடு பிறந்த குழந்தை குளிர்ந்துவிடாமல் இருக்கச் சொன்னது அது. முழு எடையோடு வளர்ந்துவிட்ட மூன்று மாதக் குழந்தைக்கு, வேலூர் வெயிலில், வீட்டுக்குள் குல்லா எதற்கும் உதவாது. குறைமாதத்தில் பிறந்து இரண்டு கிலோ சொச்சத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு மட்டும் கணக்கு வேறு. அவர்கள் கோடையிலும் குளிர்ந்துபோவார்கள். அவர்களை எப்படி வைத்திருப்பது என்று பார்க்கும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

சூடாக இருக்கிறாளா என்று பார்க்கக் கையையோ காலையோ தொடாதீர்கள். பிடரியையும் வயிற்றையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பிடரி நசநசவென்று ஈரமாக இருந்தால் உடுப்பு அதிகம். பகலில் கையில்லாத மெல்லிய பருத்திச் சட்டை, கீழே ஒரு கோமணத் துணி, அவ்வளவுதான். டயப்பரை வெளியே போகும்போதும் இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள், மதியம் அதைக் கழற்றிவிட்டாலே பாதி அழுகை நிற்கும். அரைஞாண் கயிற்றுக்கும் வசம்பு வளையலுக்கும் அடியில் வியர்வை தேங்கித் தோல் உரிந்திருக்கும், அதையும் நகர்த்திப் பாருங்கள்.

படுக்கைக்குக் கோரைப்பாய் மேல் நைந்துபோன பருத்திச் சேலையை மடித்துப் போட்டால் அதற்கு மேல் சுகமில்லை. ரப்பர் ஷீட்டைக் குழந்தையின் முதுகுக்கு நேரே விரிக்காதீர்கள். தூளி கட்டுவதாக இருந்தால் மெல்லிய பருத்திச் சேலை போதும், பாலியஸ்டர் கூடாது. இரண்டு பக்கத் துணியும் குழந்தை முகத்தின் மேல் வந்து மூடிக்கொள்ளாமல் நடுவில் தொட்டில் கட்டை வைத்து விரித்து விடுங்கள். தூளிக்குள் காற்றோட்டம் குறைவு, குழந்தை விட்ட மூச்சின் சூடே உள்ளே சுற்றும். தூங்க வைத்துவிட்டுப் பாயில் மல்லாக்கக் கிடத்துவது நல்லது. குடைக் கொசுவலையைப் பகலில் தேவையில்லாமல் கவிழ்த்து வைக்காதீர்கள்.

அடுத்தது அறை. மேல்மாடி வீட்டில் சிக்கல் மதியத்தோடு முடிவதில்லை. காங்கிரீட் தளம் பகல் முழுக்கக் குடித்த சூட்டைச் சாயங்காலத்திலிருந்து நள்ளிரவுவரை கீழே விடும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உங்கள் அறை கொதிப்பது அதனால்தான். காலை ஒன்பது மணிக்கே வெயில் படும் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தித் திரை போடுங்கள். வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்த பிறகு, எட்டு மணி வாக்கில், எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்டோ அடிக்க வீட்டுக்காரர் சம்மதித்தால் நல்ல வித்தியாசம் தெரியும். கீழ்வீட்டில் மாமா, சித்தப்பா யாராவது இருந்தால் பன்னிரண்டிலிருந்து நாலுவரை குழந்தையோடு அங்கே போய்விடுங்கள். செலவில்லாத வழி அதுதான்.

ஏசி தாராளமாகப் போடலாம். ஏசியால் சளி பிடிக்காது. 26, 27 டிகிரியில் வைத்து, காற்று குழந்தை மேல் நேராக அடிக்காமல் தகட்டைத் திருப்பி விடுங்கள். வடிகட்டியைக் கழுவியிருக்க வேண்டும். 18இல் போட்டுவிட்டுக் கம்பளி போர்த்துவது வீண் வேலை. குளித்த ஈரத்தோடு உள்ளே கொண்டு போகாதீர்கள். ஏசி அறையிலிருந்து நேராக மொட்டை வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல், பத்து நிமிடம் நடு அறையில் இருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏசி இல்லாவிட்டால் வேலூர், திருச்சி, கரூர் மாதிரி வறண்ட ஊர்களில் ஏர்கூலர் நன்றாக வேலை செய்யும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அடைத்த அறையில் கூலர் போட்டால் புழுக்கம்தான் கூடும். சென்னை, கடலூர்ப் பக்கம் காற்றிலேயே ஈரம் இருப்பதால் கூலரால் பெரிய பயன் கிடைக்காது. தொட்டித் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவாவிட்டால் டெங்குக் கொசுவை நாமே வளர்க்கிறோம் என்று அர்த்தம். மின்விசிறி மட்டும்தான் இருக்கிறது என்றால் ஒரு விஷயம்: அறைக் காற்று உடம்பைவிடச் சூடாக இருக்கும் மதியத்தில் விசிறி அந்தச் சூட்டைத்தான் வாரி அடிக்கும். அப்போது ஈரத்துணியால் குழந்தையின் கை, கால், கழுத்து, முதுகைத் துடைத்துவிட்டுப் பிறகு விசிறிக் காற்றில் வையுங்கள். ஈரம் காயும்போது சூடு இறங்கும். கரண்ட் போனால் பனையோலை விசிறியும் ஈரத்துணியும் போதும்.

வேர்க்குருவுக்கு மருந்தைவிடக் காற்றுதான் சிகிச்சை. வியர்வைக் குழாயின் வாய் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே தங்கிப் பொரிப்பொரியாக எழும்புவதுதான் அது. பவுடர் அந்த வாயை இன்னும் அடைக்கும். கழுத்து மடிப்பை விரித்துப் பாருங்கள்: வழிந்த பால், வியர்வை, பவுடர் மூன்றும் சேர்ந்து மாவுபோல வரிவரியாக ஒட்டியிருக்கும், அதற்கு அடியில் தோல் சிவந்து கசியும். பவுடர் தூள் மூக்கு வழியாக நுரையீரலுக்குப் போவது அதைவிட மோசம். டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். காலையிலும் சாயங்காலமும் வெதுவெதுப்பும் இல்லாத, சில்லென்றும் இல்லாத தண்ணீரில் குளிப்பாட்டி, மடிப்புகளை ஒற்றித் துடைத்து, பத்து நிமிடம் உடுப்பில்லாமல் விடுங்கள். இரண்டு மூன்று நாளில் அடங்கும். எண்ணெய் தேய்ப்பதாக இருந்தால் குளிக்கும் முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், நன்றாகக் கழுவிவிட வேண்டும். விளக்கெண்ணெயை உச்சியில் வழிய வைத்து அப்படியே விடுவதும் வியர்வையை அடைக்கத்தான் செய்யும். சாம்பிராணிப் புகை இந்த மாதம் வேண்டவே வேண்டாம். பொரி சீழ் கோத்துக் கட்டியானால் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மஞ்சள் காமாலை என்று காலை வெயிலில் காட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது. பிறந்த குழந்தையின் மஞ்சளுக்கு வெயில் சிகிச்சை இல்லை, நீல விளக்குதான் சிகிச்சை. சித்திரையில் எட்டு மணி வெயிலே சுடும். உடம்பில் நீர் குறைந்தால் மஞ்சள் கூடுமே தவிரக் குறையாது.

வெளியே போவது பற்றிச் சுருக்கமாக. பதினொன்றிலிருந்து நாலுவரை கிளம்பாதீர்கள். பைக்கில் அனல் காற்று படும் என்று குழந்தையின் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு போவது மூச்சையும் அடைக்கும், சூட்டையும் ஏற்றும். குடை பிடித்து ஆட்டோவில் போங்கள். தள்ளுவண்டியின் மேல் துணி போர்த்தினாலும் இதே கதைதான். பூட்டிய காரில் ஒரு நிமிடம்கூட விடக் கூடாது. பத்தே நிமிடத்தில் உள்ளே சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிதாக மாறாது. ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீன் தடவ வேண்டாம், நிழல் போதும். பள்ளி லீவில்தான் எல்லாரும் வர முடியும் என்று குலதெய்வம் கோவிலில் மே மாதமே மொட்டை, காதுகுத்து வைத்துவிடுவார்கள். தகரப் பந்தலில் மதியம் ஒரு மணிக்குப் படையல் முடியும்வரை குழந்தையைக் கைமாற்றிக் கொண்டிருப்பார்கள். ஆடியிலோ தையிலோ வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுப் பாருங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. முடியாது என்றால் காலை ஆறு மணிக்கு மொட்டை, எட்டு மணிக்கு வீடு.

எப்போது பயப்பட வேண்டும் என்பதை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். சூட்டால் உடம்பு காயும் குழந்தைக்குப் பெரும்பாலும் கை காலும் சூடாகவே இருக்கும். கிருமிக் காய்ச்சல் ஏறும்போது வயிறு கொதிக்கும், கை கால் சில்லென்றிருக்கும். இது ஒரு அடையாளம்தான், இதை மட்டும் நம்பி வீட்டில் உட்காரக் கூடாது. உடுப்பைத் தளர்த்தி, பால் கொடுத்து, அரைமணி கழித்து அக்குளில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அப்போதும் 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால், வெயில்தான் காரணம் என்று நினைத்தாலும், அன்றே, அப்போதே மருத்துவமனை.

பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு விழுவது, ஆறு எட்டு மணி நேரம் சிறுநீர் போகாதது, வாய் உலர்ந்திருப்பது, உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருப்பது, விடாத வாந்தி, வலிப்பு, உடம்பு நெருப்பாய்க் கொதிப்பது: இதில் எது ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை உடுப்பைக் கழற்றி, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் உடம்பு முழுக்கத் துடைத்து விசிறுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம். வெப்பத் தாக்குதலுக்குப் பாராசிட்டமால் வேலை செய்யாது. மயக்கமாக இருக்கும் குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வீட்டில் ஆறு மாதம் தாண்டிய பிள்ளை இருந்தால் சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சி ஆறிய தண்ணீர், நாள் முழுக்கச் சேர்த்து அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர்வரை கொடுக்கலாம், தாய்ப்பாலும் தொடரட்டும். வயிற்றால் போனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம். முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், பாதியைப் போட்டு டம்ளரில் கலக்கக் கூடாது. மருந்துக்கடையில் அட்டைப் பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் இல்லை. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவற்றின் பெயரில் அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்று தடுத்தது. உங்கள் மூன்று மாதக் குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் ஓஆர்எஸ் கரைசலையும் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, அடுத்து உங்களுக்கு 14 வார ஊசி வரும். வெயில் என்று தள்ளிப் போடாதீர்கள். புதன்கிழமை சுகாதார நிலையத்துக்குக் காலையிலேயே முதல் ஆளாகப் போய்விடுங்கள். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் லேசாக உடம்பு சுடும். பாராசிட்டமால் சொட்டு மருந்தை எடைக்கு எத்தனை மில்லி என்று செவிலியரிடம் கேட்டு அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்று அன்று ராத்திரி மறுபடியும் குல்லாவையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். நர்சம்மா வேண்டாம் என்றார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.